கடதாசி ரீமில் அருள்நேசன்

லூயிஷாமில் எங்கள் தமிழ்க் கிறிக்கெற் கழகத்தில் நான் ஸ்கோர் எழுதுகிறவன். எனக்கு ஓடவும் வராது, பந்து பிடிக்கவும் வராது. வாய் மட்டும் நன்றாக வரும். அதனால் அருள்நேசனின் கதையை நான்தான் சொல்லவேண்டும், அவன் தானாகச் சொல்லமாட்டான்.

அவன் மன்னார்ப் பெடியன். எண்பத்தாறில் லண்டனில் வந்து இறங்கியபோது தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் முழித்துக்கொண்டு நின்றவனைக் கையோடு கூட்டிப்போய்த் தன் வீட்டு மேலறையில் இருத்தியவர் சூசைதாசன். பாண் பேக்கரியில் வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். எங்கள் கப்டனும் அவர்தான். அண்ணை சொன்னால் அருள்நேசனுக்கு மறுபேச்சுக் கிடையாது.

அவன் ஓடுவதைப் பார்க்கவேண்டும்! மற்றவன் ஒரு ஓட்டம் எடுக்க யோசிக்கும் நேரத்தில் இவன் இரண்டு முடித்துவிட்டு மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்பான். ஆனால் அவனுக்கென்று ஒரு இடம் இல்லை. விக்கெற் கீப்பர் கலியாணவீட்டுக்குப் போனால் கிளவுஸ் இவன் கையில். பந்து போடுகிறவன் வேலையால் வரப் பிந்தினால் பந்து இவன் கையில். முதலாவதாகவும் இறங்குவான், ஒன்பதாவதாகவும் இறங்குவான், முகம் கோணமாட்டான்.

தொண்ணூற்றைந்தில் எங்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வாசகர்கள் தாங்களே ரீம் சேர்த்து விளையாடும் போட்டி அப்போது இங்கிலீஷ் பேப்பர்களில் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து எங்கள் லீக்குக்கும் ஒன்று தொடங்கினோம். லண்டனில் ஞாயிறுதோறும் ஆடுகிற தமிழ்க் கழகங்களிலிருந்து ஆளுக்குப் பதினொரு பேரை முறைவைத்துப் பெயர் சொல்லி எடுக்கவேண்டும். ஒருவர் எடுத்தவரை மற்றவர் எடுக்க முடியாது. அந்தப் பதினொரு பேரும் நிசமான மட்சில் அடிக்கிற ஓட்டத்துக்கும், விழுத்துகிற விக்கெற்றுக்கும், பிடிக்கிற கட்சுக்கும், செய்கிற ரன் அவுட்டுக்கும் எங்களுக்குப் புள்ளி. கடதாசியில் மட்டும் இருக்கிற அணி என்பதால் இதற்குக் கடதாசி ரீம் என்று பெயர் வைத்தோம். கப்டன்மாரும் சேரலாம் என்று விட்டோமே, அதுதான் எங்கள் விசர்த்தனம்.

எல்லோரும் சிக்ஸர் அடிக்கிறவர்களையே பொறுக்கினோம். சூசைதாசன் மட்டும் தன் முதல் முறையிலேயே "அருள்நேசன்" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மனிதர் விதியை எங்களைவிடக் கவனமாகப் படித்திருந்தார். ஒருவன் மட்சில் எந்தெந்த இடத்தில் ஆடினானோ, கடதாசியில் அவனை அந்த இடத்தில் எல்லாம் எழுதலாம். என் கீப்பருக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு அந்த ஞாயிறு வெற்றிடம். அவருடைய கீப்பருக்குக் காய்ச்சல் வந்தால் அங்கே அருள்நேசன். அதற்காகவே அவனை ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு இடத்தில் போட்டு ஆட்டினார். பாவி அருள்நேசன் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டான்.

"அண்ணைக்கு என்னில எவ்வளவு நம்பிக்கை பாருங்கோ. எந்த இடம் எண்டாலும் என்னைத்தான் கூப்பிடுறார்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான்.

அந்த வருடம் ஓகஸ்டில் ரொறன்ரோவில் ஒரு போட்டி. லண்டன் கழகங்கள் எல்லாவற்றிலும் இருந்து ஒரு அணி போவதாக இருந்தது. அருள்நேசனுக்கு அது வெறும் போட்டி இல்லை. அவனுடைய ஒரே அக்கா டொலறஸ் அங்கே இருந்தாள். மன்னாரை விட்டு வந்த பிறகு அவளை அவன் பார்த்ததே இல்லை. இரண்டு தரம் விசா கேட்டும் மறுத்துவிட்டார்கள். கலியாணமாகி நெடுங்காலம் கழித்து அக்காவுக்கு ஒரு ஆண்குழந்தை பிறந்திருந்தது. தம்பிதான் ஞானத்தகப்பனாகப் பிள்ளையை ஏந்தவேண்டும் என்று பிடிவாதமாக நின்று, ஞானஸ்நானத்தையே பின்போட்டுக்கொண்டு வந்தாள். அணியோடு போனால் விசா கிடைக்கும். அணி ஆடப்போகும் சனிக்கிழமைக்கு அடுத்த நாளையே அவள் பங்குச் சுவாமியிடம் கேட்டு ஞானஸ்நானத்துக்குக் குறித்துவிட்டாள். இவன் குழந்தைக்கு வெள்ளை உடுப்பும் வாங்கிவிட்டான்.

ஆட்களைத் தெரிவு செய்தவர் கனகலிங்கம், ஈஸ்ட் ஹாம்காரர், நேர்மையான மனிதர். ஒவ்வொரு கழகத்துக் கப்டனிடமும் கேட்டுத்தான் தெரிவு செய்தார். அருள்நேசனின் பெயர் வரவில்லை.

சூசைதாசன் அவனுடைய தோளில் கை போட்டார். "என்னடாப்பா செய்யிறது? எல்லா இடத்திலயும் ஆடுறவனுக்கு ஒரு இடமும் இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள். நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தன். நீ கவலைப்படாதை. நான் போறன்தானே, உனக்குப் பதிலா நிண்டு பிள்ளையை ஏந்திறன்."

அருள்நேசன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். வெள்ளை உடுப்பை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டான்.

அவர்கள் போயிருந்த ஞாயிறுகளில் இங்கே லீக் நடந்தது. நல்ல பந்துவீச்சாளர்கள் எல்லோரும் கனடாவில் நிற்க, மிச்சப் பேரின் பந்தை அடித்து அருள்நேசன் ஓட்டமாய்க் குவித்தான். துக்கத்தை ஓடித் தீர்க்கிறான் என்று நான் நினைத்தேன். எங்கள் கடதாசி ரீம்களில் பாதிப் பேர் ரொறன்ரோவில் நின்றார்கள், அங்கே அடிக்கிற ஓட்டத்துக்குப் புள்ளி இல்லை. சூசைதாசனின் ரீமோ ஒரேயடியாக மேலே ஏறியது.

திரும்பி வந்தவர் ஒரு படம் கொண்டுவந்தார். அவர் கையில் வெள்ளை உடுப்போடு குழந்தை, பக்கத்தில் அழுத கண்ணோடு டொலறஸ். அருள்நேசன் அதைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினான்.

கடைசி ஞாயிறு. எங்கள் மட்சைப் பார்க்கக் கனகலிங்கம் வந்திருந்தார். கப்டன்மார் நாணயம் சுண்டப் போயிருந்தபோது, என் பக்கத்தில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த அருள்நேசனைப் பார்த்து அக்கறையாகக் கேட்டார்.

"தம்பி, முழங்கால் இப்ப எப்பிடி?"

"எந்த முழங்கால் ஐயா?"

"முழங்கால் சரியில்லை, கனடாவுக்குக் கொண்டுபோக ஏலாதெண்டு சூசைதாசன்தானே சொன்னவர்? உம்முடைய பெயரை முதலாவதா எழுதினது நான். அவர்தான் வேண்டாமெண்டு நிண்டவர்."

அருள்நேசன் சப்பாத்துக் கயிற்றை இழுத்த கையோடு அப்படியே இருந்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒன்பது வருடம் அண்ணை அண்ணை என்று பின்னால் திரிந்தவனை, கடதாசியில் நாலு புள்ளிக்காக அக்காவிடம் போகவிடாமல் மறித்துவிட்டானே! போதாததற்கு அவன் ஏந்தவேண்டிய குழந்தையையும் தானே ஏந்திவிட்டு வந்தானே!

மட்ச் தொடங்கியது. எதிரணிக்காரன் ஒருவன் பந்தைத் தட்டிவிட்டு இல்லாத ஓட்டத்துக்கு ஓடினான். பந்து அருள்நேசனுக்குப் பக்கத்தால் உருண்டது. அவனுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற ரன் அவுட். அவன் அசையவில்லை. பந்து அவனைத் தாண்டிப் போனபின் திரும்பி, அதன் பின்னால் மெல்ல நடந்தான்.

"டேய், ஓடடா!" என்று கத்தினார் சூசைதாசன்.

"முழங்கால் சரியில்லை அண்ணை."

மைதானம் முழுக்கக் கேட்டது. கனகலிங்கம் கதிரையை விட்டு எழும்பினார். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. அருள்நேசன் போய் அதை எடுத்து, அதே நடையில் திரும்பி வந்து சூசைதாசனின் கையில் வைத்தான்.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "ஒரு விளையாட்டுக்காக ஆரும் இப்பிடிச் செய்வானோடா?" என்றார்.

"அதைத்தான் அண்ணை நானும் கேக்கிறன்" என்றான் அருள்நேசன்.

பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால் மைதானத்தை விட்டு வெளியே நடந்தான். அதற்குப் பிறகு எந்தக் கழகத்திலும் அவன் ஆடவில்லை.