உமேஷ் சொன்னதும் ரூபினி சொன்னதும்

உமேஷுக்குக் காது கேட்காது. ஆசையெல்லாம் ஆண்கள்மேல்தான். முதலாவதுக்காக அம்மா போகாத கோயில் இல்லை. இரண்டாவது விஷயம் தங்கை ரூபினிக்கு மட்டுமே தெரியும்.

2004இல், தன்னைப் போன்ற ஆண்கள் ஞாயிறுதோறும் ஓர் அறையில் கூடுவதாகக் கேள்விப்பட்டுப் போனான். எல்லோருக்கும் காது கேட்டது. இரண்டு மணி நேரம் வாய்களைப் பார்த்துச் சிரித்து, பிஸ்கட்டைக் காலி செய்துவிட்டு ஈஜிபுரா வீட்டுக்குத் திரும்பினான். அடுத்த வாரம், தன் கைமொழியை வாயால் எடுத்துச் சொல்ல ரூபினியையும் இழுத்துப் போனான். கார்மெண்ட்ஸில் தைப்பவள், வெள்ளிக்கிழமை விரதக்காரி.

கூட்டம் நடத்திய அசோகன், "புதுசா வந்தவங்க பேசலாமே," என்றார்.

உமேஷ் எழுந்தான். ஹெப்பகோடி பஸ் கண்டக்டரைக் காதலித்த கதையைக் கைகளால் விரித்தான். கடைசி சீட்டு, முத்தம், கழுத்தில் குத்திய மீசை, மீசை அப்புறம் போன இடங்கள். ஐந்து நிமிடம்.

ரூபினி சொன்னாள்: "ஒருத்தர பிடிச்சிருந்திச்சி. இப்ப இல்ல."

உமேஷ் அவள் பக்கம் திரும்பிக் கையை வீசினான். 'இவ்ளோ சொன்னேன். உன் உதடு ரெண்டு தடவைதான் அசைஞ்சுது!'

"மீசை மேட்டரெல்லாம் வாயால எப்படிண்ணா சொல்றது?" என்று அவளும் கையாட்டிக்கொண்டே கேட்டாள்.

அறை அதிரச் சிரித்தது. "முழுசா சொல்லும்மா, பரவால்ல," என்றார் அசோகன்.

ரூபினி வெட்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உமேஷ் தோளைத் தட்டவும் ஒரு கண்ணைத் திறந்தாள். அவன் கேட்டான்: 'கண்ண மூடிட்டா நான் சொல்றது எப்படித் தெரியும், லூசு?'

வேறு வழியில்லை. மற்றக் கண்ணையும் திறந்து, மீசையை ஓர் இடம் விடாமல் சொன்னாள். கதை பிறகு அச்சகத்துக்கு வந்தது. உமேஷுக்கு அங்கே கல்யாணப் பத்திரிகை மடிக்கிற வேலை. ஒரு நாள் வந்த பத்திரிகைக் கட்டில் மாப்பிள்ளையாகக் கண்டக்டரின் பெயர். நானூறு பத்திரிகையையும் அவனே மடித்தான். உமேஷின் கைகள் அங்கே நின்றுவிட்டன.

ரூபினி நிற்கவில்லை; கையையும் வீசிச் சொன்னாள்: "கட்டையில போறவன், உருப்படவே மாட்டான்!"

கைதட்டல் எழுந்தது. உமேஷ் சந்தேகமாகப் பார்த்தான். 'நான் அப்படிச் சொல்லலயே?'

'சொல்லியிருக்கணும்,' என்றாள் அவள், கையால்.

தீபாவளிக்குள் எட்டுப் பேர் கைமொழி பழக ஆரம்பித்திருந்தார்கள். கெட்ட வார்த்தைதான் முதலில் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். விரல் தப்பாக மடங்கினால் திருத்துவதற்கு ரூபினி ஞாயிறுதோறும் போனாள்.