மூடி வைத்த சோறு

எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குச் சுடச்சுடச் சோறு கிடைத்தது, உயிரோடு இருந்தவருக்கு ஆறிப்போனதுதான். பல வருஷம் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு ஊரின் மறுகோடியிலிருந்த பீன்யாவில் ஒரு வால்வு கம்பெனியில் வேலை. விடியும் முன்பே மர்பி டவுனிலிருந்து கிளம்பி, முதல் ஷிப்ட் முடித்து, பஸ் மாறி வீடு வந்து சேர மூன்றரை ஆகிவிடும். வார லீவு செவ்வாய்க்கிழமை. அமாவாசைக்கெல்லாம் எந்தக் கம்பெனி லீவு கொடுக்கிறது?

நானோ அமாவாசை என்றால் உச்சிப்பொழுதுக்குள் மாமனார் மாமியார் படத்துக்கு முன்னால் இலை போட்டு, கற்பூரம் காட்டி, காக்கைக்கு வைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவேன். அவர் பங்கைத் தட்டில் போட்டு இன்னொரு தட்டால் மூடி வைப்பேன். அவர் வரும்போது வாழைக்காய் வறுவல் நமுத்திருக்கும், வடை விறைத்திருக்கும்.

பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், ஆடி அமாவாசைக்கு முதல் நாள், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“படையல செவ்வாக்கெழம வச்சுக்கலாமா? நானும் ஒங்களோட உக்காந்து சாப்புடுவேன்.”

“அமாவாசை என்னா உங்க கம்பெனி ஷிப்டா, மாத்திக்கறதுக்கு?”

என் வாய் அப்படி. அவர் எழுந்து போனார். படையல் அவரைப் பெற்றவர்களுக்கு. பெற்ற பிள்ளை இல்லாமல், மருமகள் நான் மட்டும் பெருமையாகப் படைத்துக்கொண்டிருந்தேன். அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனுக்கும் ஷிப்ட் வேலைதான். அவள் ஒருமுறை பொங்கலையே இரண்டு நாள் தள்ளி வைத்தாள். “இன்னாக்கா, உங்க வூட்ல காலண்டரே கெடையாதா?” என்று கிண்டலடித்தேன்.

“எல்லாரும் வூட்ல இருக்கற நாளுதாம்மா எங்களுக்கு ஹப்பா, பண்டிகை எல்லாம்,” என்று சிரித்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர்கள் சாப்பிடும் சத்தமும் சிரிப்பும் சுவரைத் தாண்டிக் கேட்டன. நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். பொறாமை, வேறென்ன?

அந்த ஆடி அமாவாசைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் என்னிடம் எதையும் மாற்றச் சொல்லிக் கேட்டதில்லை.

இரண்டாயிரமாம் வருஷம் பிறந்த கொஞ்ச நாளில் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி எல்லா நாளும் செவ்வாய்க்கிழமை. அந்த வருஷ ஆடி அமாவாசைக்கு நான்கு இலைகளை வரிசையாகப் போட்டேன். கற்பூரம் காட்டியதும், பெருமை பொங்க, “வாங்க, உக்காருங்க” என்று கூப்பிட்டேன்.

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நீங்க சாப்புடுங்க. எனக்கு மூடி வச்சுடு. மூணரைக்குத்தான் எனக்குப் பசிக்கும்.”

கோபத்தில் சொல்லவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. அவர் வயிற்றை அப்படிப் பழக்கியது கம்பெனி மட்டுமல்ல, நானும்தான்.

சாமி எங்கள் வீட்டுக்கு வருவதானால், நான்கு பேர் ஒன்றாக உட்காரும் நேரத்தில்தான் வந்திருக்கும். அந்த நேரத்தைத்தான் நான் வரவிடாமல் செய்திருந்தேன்.

இப்போதெல்லாம் அமாவாசை அன்று பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். மூன்றரைக்கு எல்லாவற்றையும் திரும்பச் சூடுபண்ணி, அவர் தட்டுக்குப் பக்கத்தில் என் தட்டையும் வைக்கிறேன். அவர் பேசாமல் வேகமாகச் சாப்பிடுகிறார், ஷிப்ட் ஆள் அல்லவா. நான் ரசத்துக்கு வருவதற்குள் கை கழுவ எழுந்துவிடுகிறார்.