ஃபில்டருக்குக் காத்திருந்த வண்டிகள்

ஆயில் ஃபில்டர் மாற்றும் வேலையில் பெயர் கிடைக்காது. ஒழுங்காக மாற்றினால் வண்டி நேற்று எப்படி ஓடியதோ அப்படியேதான் இன்றும் ஓடும்.

எனக்கு மட்டும் எப்படியோ ஒரு பெயர் கிடைத்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன் வலது மணிக்கட்டு உடைந்து, திருவொற்றியூரில் என் பைக் மெக்கானிக் கடையை மாதக்கணக்கில் சாத்தி வைத்திருந்தேன். அப்போது பழைய வண்டிக்காரர்கள் ஒருவரும் வேறு கடைக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தார்களாம். சொன்னவர், டோல்கேட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்தும் செல்வி அக்கா. கேட்ட நாளிலிருந்தே எனக்கு இதில் சந்தேகம். தையல்காரர், சலூன்காரர் என்று வாடிக்கையை நம்பிப் பிழைக்கும் நீங்களே சொல்லுங்கள், ஒரு வாரம் நம் ஷட்டர் இறங்கியிருந்தால் நம் ஆட்கள் அடுத்த தெருவில் போய் நிற்கமாட்டார்களா?

ஆனால் அந்தப் பேச்சை விடவும் முடியவில்லை. பெரிய சர்வீஸ் சென்டரில் மாதச் சம்பளத்துக்குக் கூப்பிட்டபோது, காத்திருந்தவர்களை விட்டு எப்படிப் போவது என்று மறுத்தேன். அது பொய்யென்றால், இத்தனை வருஷம் எதை நம்பி இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?

மாவுக்கட்டும் சாத்துக்குடியும்

கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது அக்கா பார்க்க வந்தார். என்னால் உரிக்க முடியாது என்று அவரே சாத்துக்குடியை உரித்துச் சுளையைக் கையில் வைத்தார். நான் பழத்தைத் தின்னாமல், யார் யார் எந்தக் கடைக்குப் போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார்.

“எவனும் எங்கயும் போவல. நீ வர்ற வரைக்கும் வண்டிய வேற எவனும் தொடக்கூடாதுன்னு கீறானுங்க. நீ மொதல்ல பழத்த துன்னு.”

டீசலில் அலசிய ஃபில்டர்

கடையைத் திரும்பத் திறந்ததும் முதலில் வந்தவர் எண்ணூர்க் குப்பத்துப் படகுக்காரர் காசி. அவருடைய வண்டி வார்ப்பிரும்பு எஞ்சின் காலத்தது. அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. ஃபில்டர் மூடியைக் கழற்றினால், உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் இல்லை. ஃபில்டரோ பழையது, டீசல் வாடை அடித்தது. அந்த மாடல் ஃபில்டர் எங்கள் பக்கத்தில் அக்கா கடையில்தான் கிடைக்கும். இல்லாவிட்டால் புதுப்பேட்டைக்குப் போக வேண்டும். அக்கா கடைக்குச் சரக்கு வராமல் போவதும் வழக்கம் என்பதால், காசிக்குப் புது ஃபில்டர் கிடைக்காததை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, இதை ஏன் கழுவிப் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

“இன்னா மாமு பண்றது, அக்காவாண்ட நாலு தபா கேட்டேன், இல்லன்ட்டாங்கோ. வலையவே அலசி அலசித்தான் போட்டுகினு கீறோம், இது இன்னா வலைய விட ஒஸ்தியா?”

கல்யாண வீட்டு கேபிள்

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் மகன் கல்யாணத்தன்று காலையில், வழியில் கிளட்ச் கேபிள் அறுந்துபோன ஒருவர் மண்டபத்துக்கே வந்துவிட்டார். அக்கா பட்டுப்புடவையோடு ஆட்டோ பிடித்துப் போய், ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்து கேபிளை எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்தபோது முந்தானையில் கிரீஸ். சம்பந்தியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா அவரைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்.

“தாலி கட்ட இன்னும் நேரம் கீதும்மா. வண்டிய தள்ளிகினு வந்தவன வெறுங்கையோட அனுப்ப சொல்றியா?”

கிரேன்காரர் கண்

ஆரோக்கியசாமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ராயபுரத்திலிருந்து போன மாதம் வந்தார். புது ஃபில்டர் போட்டதும் நான் உடனே வண்டியை விடமாட்டேன். ஃபில்டர் அறையில் எண்ணெய் ஊற்றி மூடி, எஞ்சின் தலைக்குப் போகும் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, மேலே எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பேன். கசிந்த பிறகுதான் போல்ட்டை முறுக்குவேன். அவருக்குச் சர்ச்சில் பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “சாமியார் பிரசங்கமே இதவிட சீக்கிரம் முடிஞ்சிடும் நைனா” என்றார்.

அந்தக் காத்திருப்பில்தான் பழைய கதை வந்தது. என் கடை மூடியிருந்த நாட்களில் அவர் மணலியில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்திருக்கிறார். ஃபில்டரை வாங்கி வா, போட்டுத் தருகிறேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். சரக்கு இல்லையென்று அக்கா திருப்பி அனுப்பிவிட்டாராம். உண்மையிலேயே சரக்கு இல்லையா என்று கேட்டேன்.

“அம்மாம் ஒசரத்துலேர்ந்து கன்டெய்னர் நம்பர படிச்சவன் நானு. அக்கா தலைக்குப் பின்னாலயே பெட்டி பெட்டியா அடுக்கி இருந்திச்சு. கேட்டா, அது வேற வண்டிக்குன்னு மூஞ்ச பாத்து சொல்றாங்க.”

நேற்று, டோல்கேட்டில்

ஆரோக்கியசாமி சொல்லிவிட்டுப் போன அன்று முழுக்க எனக்குக் கோபம். என் பெயரைக் காப்பாற்ற, பாவம், அந்த எஞ்சின்கள் கறுத்துப்போன எண்ணெயில் ஓடியிருக்கின்றன. அப்படியானால் நான் நல்ல மெக்கானிக்கா, இல்லை, பாதுகாத்து வைக்கப்பட்டவனா? ஆனால் எவ்வளவு குடைந்தாலும் யோசனை ஒரே இடத்தில் வந்து நின்றது. கல்யாண மண்டபத்திலிருந்து ஓடிப்போய் வியாபாரம் செய்தவர், எனக்காக மாதக்கணக்கில் வந்தவர்களையெல்லாம் வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. கூடப் பிறந்தவர்கள்கூட எனக்கு இவ்வளவு செய்ததில்லை.

நேற்று ஃபில்டர் வாங்கப் போனபோது அக்கா கடையில் கூட்டமில்லை. அக்கா தலைக்குப் பின்னால் கையை விட்டு, திரும்பிப் பார்க்காமலே பெட்டியை எடுத்தார். வாடிக்கையை நம்பிப் பிழைப்பவனுக்கு இதுவரை வந்த புத்தி இவ்வளவுதான்: முதலில் ஃபில்டரை வாங்கிப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகே கேட்டேன்.

“யக்கா, அவங்கல்லாம் எனக்காகக் காத்துகினு இருந்தாங்களா, இல்ல நீ காக்க வெச்சியா?”