குட்டி ஜீப்பா, ஹைப்ரிட்டா? ஒரு நெற்குப்பை வழக்கு

கார் விற்கிறவளுக்கு வண்டியைப் பற்றித் தெரிந்திருந்தால் நல்லது; புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு வண்டியைக் காட்டும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிந்திருந்தால்தான் பிழைப்பு ஓடும். காரைக்குடியில் ஒரு ஷோரூமில் பதினோரு வருஷமாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். துணிக்கடையோ பாத்திரக்கடையோ, நாள் முழுக்க நின்றபடி சிரித்துக் கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

இப்போது எங்கள் பக்கம் எல்லாச் சண்டையும் இரண்டு வண்டிகளுக்குள்தான். ஒன்று, கரடுமுரடான பாதையில் ஏறி இறங்குகிற சின்ன வண்டி. கம்பெனி என்னவோ பெயர் வைத்திருக்கிறது. ஊர் வைத்த பெயர் ‘குட்டி ஜீப்’. இன்னொன்று, பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற பெரிய ஹைப்ரிட்.

எட்டு எலுமிச்சம்பழம்

ஹைப்ரிட்டில் ஒரு சங்கடம் உண்டு. பேட்டரியில் கிளம்புவதால் சத்தமே இருக்காது. நாச்சியாபுரத்து விவசாயி ஒருவருக்கு வண்டி கொடுத்த அன்று, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு அவர் மனைவி சூடம் ஏற்றத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே உட்கார்ந்திருந்த மனுஷன், வண்டி ஆன் ஆகிவிட்டதா இல்லையா என்று லேசாக மிதித்துப் பார்த்திருக்கிறார். வண்டி பூனை மாதிரி நகர்ந்து, நாலு பழமும் நசுங்கிவிட்டன.

சகுனம் சரியில்லை, வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அந்தம்மா பழத்தைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், பைக்குள் கையைவிட்டு இன்னும் நாலு பழத்தை எடுத்தார்.

“இவரு அவசரந் தெரிஞ்சுதான் தாயி எட்டா வாங்கியாந்தேன். வண்டியப் பின்னாடி எடுக்கச் சொல்லுங்க.”

கயிறு

எல்லா வாடிக்கையாளரும் இப்படி ஒரே நாளில் முடித்துத் தருவதில்லை. நெற்குப்பையிலிருந்து வந்த சொக்கலிங்கம் சாரும் அவர் மனைவி மீனாள் ஆச்சியும் என்னை நாலு மாதம் அலைக்கழித்தார்கள். சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பூர்வீக வீட்டுக்குத் திரும்பியவர்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. வந்ததும் சார் நேராகப் போய்க் குட்டி ஜீப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஆச்சி ஹைப்ரிட்டில் ஏறி உட்கார்ந்து ஏசியைப் போடச் சொல்வார். நான் இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிரிப்பேன்.

ஐந்தாவது தடவை சார் கையில் ஒரு கயிறு. அவர்கள் வீட்டுக் கார் ஷெட் வாசலின் அகலத்துக்கு அளந்து வெட்டியதாம். ஷெட் அந்தக் காலத்துச் சின்னக் காருக்குக் கட்டியது. இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்து, இரண்டு வண்டிக்கும் குறுக்கே வைத்து அளந்தார். ஜீப்பில் நாலு விரல் மிச்சம் வந்தது. ஹைப்ரிட்டில் நாலு விரல் பற்றவில்லை. “நான் என்னம்மா செய்ய, வாசல் வேணாங்குது” என்று என்னைப் பார்த்து வருத்தமாகச் சொன்னார். ஆச்சி வண்டியைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

“நடுவுல ஒரு முடிச்சு இருக்கு பாருங்க. அதை அவுத்துட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கம்மா.”

ஆச்சி தனியாக வந்த நாள்

அடுத்த வாரம் ஆச்சி மட்டும் வந்தார். இந்த முறை ஏசியெல்லாம் கேட்கவில்லை. என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். சாருக்குக் கண்ணில் நீர் அழுத்தம். ஓரப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. மதுரையில் டாக்டர், இப்போதைக்குப் பகலில் பக்கத்தில் எங்காவது ஓட்டலாம், ஆனால் கூடிய சீக்கிரம் ஸ்டியரிங்கை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். காலேஜ் நாளிலிருந்து ஜீப் ஆசையைச் சுமந்த மனுஷன், அதற்குள் ஓட்டித் தீர்த்துவிட வேண்டும் என்று துடிக்கிறார். கண் விஷயம் பங்காளிகள் காதுக்குப் போகக் கூடாது என்பதும் அவர் உத்தரவு.

ஆச்சியிடமும் ஒரு ரகசியம் இருந்தது. காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கிவிட்டார். சாருக்குத் தெரியாதாம். ‘ஜீப்பிலும் ஆட்டோமேட்டிக் இருக்கிறதே ஆச்சி’ என்றேன். மாதம் இரண்டு முறை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் வர, அந்தக் குலுக்கலை இடுப்பு தாங்காது என்றார். சார் கேட்பது பார்வை இருக்கிற வருஷங்களுக்கான வண்டி, ஆச்சி கேட்பது அதற்குப் பிறகு வரும் வருஷங்களுக்கான வண்டி. எந்தப் பக்கம் பேசுவது?

“ஆசைப்பட்டவுகள வேணாம்னு சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? கண்ணு மங்குனப்புறம் வீட்டுக்குள்ளயே முடங்கிப் போயிருவாகளோன்னு பயமா இருக்கும்மா. அப்ப நான் ஓட்டணும்ல.”

ஆறடி வாசல்

அந்த வீட்டில் ஐந்து பங்கு. ஒரு கல்லை நகர்த்துவதாக இருந்தாலும் ஐந்து பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும். ஐந்து பேரும் ஒன்றாகச் சேர்வது முன்னோருக்குப் படைக்கிற படைப்பின்போது மட்டும்தான். படைப்பு முடிந்த மறுநாள், யாரும் ஊருக்குக் கிளம்புவதற்குள், ஆச்சி என்னை ஹைப்ரிட்டோடு வீட்டுக்கு வரச் சொன்னார். முடிச்சை அவிழ்த்த கணக்கில் ஷெட் வாசல் ஆறடி. பக்கக் கண்ணாடிகளை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை உள்ளே விட்டேன். இந்தப் பக்கம் அரை அங்குலம், அந்தப் பக்கம் அரை அங்குலம். தினமும் இப்படி விட நானே பயப்படுவேன். வாசலோரத்துக் கல்தூணை ஓரடி தள்ளி நட்டால்தான் ஆகும்.

பங்காளிகளில் மூத்தவர், சாரின் பெரியப்பா மகன், தூணைத் தடவிப் பார்த்தார். “வாசலுக்குத் தக்கன வண்டி வாங்குவாகளா, வண்டிக்குத் தக்கன வாசலை இடிப்பாகளா? மீனாளுக்குச் சென்னைப் பவிசு இன்னும் போகலை” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆச்சி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் வாயடைத்துப் போயிருப்பார்கள். சொல்லவில்லை. “ஆமா, எனக்குப் பெரிய காருதான் பிடிச்சிருக்கு” என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு நானே உளறியிருப்பேன். அதுவரை ஓரமாக நின்ற சார் முன்னால் வந்தார்.

“அவளை ஏண்ணே சொல்றீக? எனக்குக் கண்ணு கொஞ்சங்கொஞ்சமாப் போயிக்கிட்டு இருக்கு. இனிமே ஓட்டப் போறது மீனாதான். காய்கறி வாங்கப் போறேன்னுட்டு வெறும் பையோட திரும்பி வந்தாளே, அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

கண்மாய்க் கரை

தூணைத் தள்ளி நட ஐந்து பங்கும் சம்மதித்தன. கொத்தனாரைக் கூட்டி வந்தது அந்த மூத்தவர்தான். சாரும் ஆச்சியும் வந்து ஹைப்ரிட்டை புக் செய்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடியபோது, ‘ஒரே ஒரு தடவை அந்த ஜீப்பை ஓட்டிப் பார்க்கலாமா’ என்று சார் கேட்டார். ஒரு வண்டியை புக் செய்தவருக்கு இன்னொரு வண்டியில் டெஸ்ட் டிரைவ் கொடுக்கிற வழக்கம் எங்கள் ஷோரூமில் இல்லை. அன்றைக்கு நான் வழக்கத்தைப் பார்க்கவில்லை.

நல்ல வெளிச்சமான காலை. ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டமில்லாத கண்மாய்க் கரைவரை நான் ஓட்டிப்போய் அவரிடம் கொடுத்தேன். நான் பக்கத்தில், ஆச்சி பின்சீட்டில். மேட்டில் ஏற்றி, பள்ளத்தில் இறக்கி, கருவேலமரங்களுக்கு நடுவில் வளைத்து, மனுஷன் அத்தனை அழகாக ஓட்டினார். இடுப்பு வலிக்காரரான ஆச்சி ஒரு தடவைகூட முனகவில்லை. மடைக்குப் பக்கத்தில் நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு, சார் ஸ்டியரிங்கை விடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு சார் இறங்கி, பின்கதவைத் திறந்து, சாவியை ஆச்சியின் கையில் வைத்தார்.

“ஆசை தீரலை மீனா, பொய் சொல்ல மாட்டேன். நீ ஓட்டு, நான் பக்கத்துல ஒக்காந்து குத்தஞ் சொல்லிக்கிட்டே வாரேன்.”

பதினோரு வருஷத்தில் நான் விற்றதாக என் பெயரில் எழுதியிருக்கும் கார்களில் முக்கால்வாசியைப் புருஷனும் பெண்டாட்டியுமே ஒருத்தருக்கொருத்தர் விற்று முடித்திருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பார்த்ததற்குத்தான் எனக்குச் சம்பளம்.