ஸ்கவர் கேட் மூடாத காலை

"மேடம், நீங்க என்ன வேணா அளந்துக்கோங்க. தண்ணி மட்டும் கேக்காதீங்க."

வடக்கு அந்தமானில் அந்தச் சிறிய நீர்மின் நிலையத்துக்கு நான் போய் இறங்கிய முதல் நாள், அதன் பொறுப்பு என்ஜினீயர் சண்முகம் சார் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். நான் போனதே தண்ணீர் கேட்கத்தான். வந்த அன்றே அதைச் சொல்லிச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று தலையாட்டி வைத்தேன்.

நான் போர்ட் பிளேரில் சுற்றுச்சூழல் ஆய்வு செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா தூத்துக்குடியிலிருந்து ஹேடோ துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தவர். வளர்ந்ததெல்லாம் இங்கேதான். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: ஏற்கெனவே கட்டி, பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் அணைக்கு எதற்குத் திரும்பவும் ஆய்வு? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காய்ந்த பகுதி

அந்த அணையில் தேங்கும் தண்ணீர் பெரிய குழாய் வழியாக மலைச்சரிவில் இறங்கி டர்பைனைச் சுற்றும். அதன்பிறகு வெகுதூரம் தள்ளித்தான் மறுபடி ஆற்றில் சேரும். இடைப்பட்ட ஆற்றுக்கு மழைக்காலத்தில் குறையில்லை, அணை வழிந்து ஓடும். வெயில் காலத்தில் அங்கே வெறும் பாறையும் கூழாங்கல்லும்தான். அணை கட்டிய காலத்தில் அந்தப் பகுதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இப்போது அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் கேட்டாக வேண்டும்.

அந்தக் காய்ந்த கரையில் பாக்குத் தோட்டம் வைத்திருந்தவர் மாலதி தீதி. தீதி என்றால் வங்காள மொழியில் அக்கா. கோடையில் அவர் கிணறு வற்றிவிடும். தண்ணீரைத் தலையில் சுமந்து நடந்தே காலம் போயிற்று என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். அப்படியானால் அணையை மூடச் சொல்வீர்களா என்று கேட்டேன். வீட்டுக்குள் இருந்த ஃபிரிட்ஜைக் காட்டினார். "பிஜ்லி பி சாஹியே, பானி பி சாஹியே" என்றார். கரண்டும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். எங்கள் ஆய்வு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

சண்முகம் சார் சேலத்துக்காரர். பிடிவாதக்காரர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். எங்கள் தீவுகளில் டீசல் கப்பலில் வர வேண்டும். கப்பல் தாமதமானால் பஜார் இருட்டாகிவிடும், ஆஸ்பத்திரி ஜெனரேட்டரை நம்பி நிற்கும். அந்தப் பயம் அவருக்கு. "தெறந்து விட்டாலும் கல்லுக்குள்ள எறங்கிப் போயிடும் மேடம். கீழ ஒரு சொட்டு போய்ச் சேராது. கரண்டும் போச்சு, தண்ணியும் போச்சு" என்றார். அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டுச் சொல்கிற விஷயமும் இல்லை. ஒருமுறை திறந்து பார்த்தால்தான் தெரியும். அதையே அவரிடம் சொன்னேன்; மேலிடத்தில் பேசி அவரே ஒப்புதல் வாங்கித் தந்தார்.

கேட்

தண்ணீர் விடுவதற்கு இருந்த ஒரே வழி ஸ்கவர் கேட். அணையின் அடியில் சேறு வெளியேற்ற வைத்திருக்கும் இரும்புக் கதவு அது. திறந்து பல வருஷம் ஆகியிருந்தது. காலையிலேயே கீழே ஊருக்குள் சொல்லி, ஆற்றுக்குள் யாரும் இறங்காமல் பார்த்துக்கொள்ள எங்கள் ஆள் ஒருவரை வாக்கி-டாக்கியோடு நிறுத்தினோம். ஆபரேட்டர்கள் கதவைத் தூக்கும் சக்கரத்தைச் சுற்றினார்கள். முதலில் கறுப்புச் சேறு வந்தது, பிறகு தண்ணீர். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மூடச் சொன்னோம். பாதி இறங்கிய கதவு அப்படியே நின்றுவிட்டது. அடியில் ஏதோ சிக்கியிருந்தது.

கடும் கோடை. மழைக்கு இன்னும் நாள் இருந்தது. நீர்மட்டம் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது.  திறக்கச் சொல்லிக் கேட்டது நான். ஆனால் சண்முகம் சார் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும் கதவின் பக்கத்தில் ஆளை இறக்க முடியாது. அவர் சக்கரத்தின் மேல் கையை வைத்தார்.

"முழுசாத் தெறங்க" என்றார்.

ஆபரேட்டர் தயங்கினார். முழுவதும் திறந்த பிறகு கதவு அப்படியே சிக்கிக்கொண்டால் அணை காலி.

"கட்டையா இருந்தா வெளிய போயிடும். போகலைன்னா என் பேர்ல எழுதிக்கலாம். மேடம், கீழ எல்லாரும் கரையில இருக்காங்களான்னு கேளுங்க."

கேட்டேன். எல்லோரும் கரையில்தான் இருந்தார்கள். சக்கரம் சுற்றியது. காலடியில் காங்கிரீட் அதிர்ந்தது. இரைச்சலோடு நீளமான ஒரு மரம், சேற்றில் ஊறிக் கறுத்துப்போன, எங்கள் தீவுக் காட்டுப் படாக் மரம், வெளியே பாய்ந்து பாறையில் மோதி உருண்டது. அடுத்து கதவு இறங்கியது. கடைசிவரை இறங்கியது. யாரும் கைதட்டவில்லை. சண்முகம் சார் படியில் உட்கார்ந்து டீ கேட்டார். 

டீ குடித்துவிட்டு இருவரும் கீழே நடந்தோம். இத்தனை வருஷம் அணையை ஓட்டியவர் அந்தப் பகுதிக்குள் இறங்கி நடந்தது அன்றுதான் முதல்முறை. முதலில் போன தண்ணீர் அவர் சொன்ன மாதிரியே கூழாங்கல்லுக்குள் இறங்கியிருந்தது. ஆனால் கல்லுக்கடியில் இருந்த இடமெல்லாம் நிரம்பியதும், பின்னால் வந்த தண்ணீர் மேலாகவே ஓடியிருந்தது. மாலதி தீதி தோட்டத்து ஓரத்தில் தெளிந்த குட்டைகள் நின்றன. ஓரிரு நாளில் அவர் கிணற்றில் ஊற்று தெரிந்தது. கீழ் மடுவில் ஒதுங்கியிருந்த ஆற்று இறால்கள் அந்தக் குட்டைகளுக்கு ஏறி வந்துவிட்டன.

விடை கிடைத்துவிட்டது. ஆற்றைக் காயவிட்டு மறுபடி நனைப்பதில்தான் தண்ணீர் வீண். காயவிடாமல் வைத்திருக்கக் கொஞ்சம் போதும். அதற்கான வழியைச் சொன்னதும் சண்முகம் சார்தான். பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாய் ஒன்றைப் பிரித்து, தனி வால்வு வைத்து, வருஷம் முழுவதும் விட்டுவிடலாம் என்றார். "அந்த கேட்டை நம்பி இனி எதுவும் வேண்டாம் மேடம்."

பள்ளிக்கூட ஹாலில் நடந்த மக்கள் கருத்துக் கூட்டத்தில், கரண்ட் குறைந்துவிடும் என்று பஜார்காரர்கள் கொதித்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை எனக்கு வரவில்லை. சண்முகம் சாரே எழுந்து, எவ்வளவு குறையும், எவ்வளவு குறையாது என்று நிதானமாக விளக்கினார். அணைக்காரரே சொல்கிறார் என்பதால் கேட்டுக்கொண்டார்கள். சின்னக் குழாயை நிபந்தனையாக வைத்து அனுமதி புதுப்பிக்கப்பட்டது.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: நம் சிபாரிசால் யாருக்கு நஷ்டம் வருமோ, அவரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்தில் போய் நில்லுங்கள். அங்கே பார்த்ததை அதன்பிறகு அவரே பேசுவார்.

குழாய் போட்ட மறு கோடையில் மாலதி தீதி எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். இலையில் தேங்காய்ப்பாலில் வெந்த இறால். நான் கை வைக்கவில்லை. நம் குட்டை இறாலா என்று மெல்லக் கேட்டேன். தீதி சிரித்துவிட்டார். அது பஜாரில் வாங்கிய கடல் இறாலாம். ஆற்றில் இருப்பதை யாரும் தொடக்கூடாது, இன்னும் பெருக வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாராம். சண்முகம் சார் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.