முன்சக்கரத்து எலுமிச்சை

என் இடது காலில் முட்டிக்குக் கீழே கம்பி இருக்கிறது. சரியாக மடங்காது. ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் கிரேனிலிருந்து தகடு அடிக்கிற இரும்பு அச்சு ஒன்று நழுவிக் காலில் விழுந்தது. அதோடு வேலையும் போச்சு.

அன்றைக்கு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினவன் என் கூட்டாளி. ஒரே ஷிப்டு. ஒரே பெஞ்சில் சாப்பிடுவோம். என் கொழம்பு அவனுக்கு, அவன் பொரியல் எனக்கு. அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு நிலம் சானமாவு காட்டை ஒட்டி இருக்கிறது. தக்காளி, ராகி. நிலத்துக்குப் போக ஒரு ஓடையைத் தாண்டணும். கல்லும் களியுமான ஓடை. சாதா வண்டி இறங்கினால் ஏறாது. என் பழைய ஜீப் ஏறும். சின்ன லிவரைத் தள்ளினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். யானை நடமாட்டம் உள்ள இடம். பொழுது சாய்வதற்குள் சரக்கை ஏற்றிக்கொண்டு வெளியே வந்துடணும்.

கால் போன பிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஜீப் வாசலில் நின்றது. தம்பியைக் கூப்பிடுவேன். அவனுக்கும் கம்பெனி வேலை. "நாளைக்கு வரேண்ணா" என்பான். நாளைக்கு ஓவர்டைம் இருக்கும். தக்காளி யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு தடவை பழுத்த காய் எல்லாம் செடியிலேயே அழுகிப்போச்சு. நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கூட்டாளி அதற்குள் கம்பெனியை விட்டுப் பாகலூர் ரோட்டில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டிருந்தான். ஒரு நாள் வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தான்.

"ஏன்டா மச்சான், எழவு வீட்டுக்காரன் மாதிரி உக்காந்திருக்கே? கிளட்ச்தானே உனக்கு எதிரி? அதையே தூக்கிடலாம். ஆட்டோமேட்டிக் போட்டுடறேன்."

"நாலு வீலும் இழுக்கணும்," என்றேன். "அது போச்சுன்னா எனக்கு ஜீப்பே வேணாம்."

"போகாது. என் தலை மேல அடிச்சுச் சொல்றேன்."

தலையில் அடித்தும் காட்டினான். என் பெண்டாட்டி சிரித்தாள்.

பெங்களூரில் அடிபட்ட கார் ஒன்றிலிருந்து ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் கொண்டு வந்தான். அதை இஞ்சினோடு சேர்ப்பது பெரிசில்லை என்றான். கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. டிரான்ஸ்பர் கேஸ். அதுதான் இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும். புது கியர் பாக்ஸையும் அந்தப் பழைய பெட்டியையும் இணைக்க லேத்தில் ஒரு துண்டு கடையணும். அது மயிரிழை பிசகினாலும் உட்காராது. அதுதான் வேலையே என்று அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

நான் தினமும் போய் உட்கார்ந்தேன். டீ வாங்கிக் கொடுப்பான். கொஞ்ச நாள் கழித்து, "மாமியா மாதிரி மொறைச்சுக்கிட்டே இருக்கே. கை ஓட மாட்டேங்குது. வீட்டுக்குப் போ, முடிச்சிட்டுக் கூப்பிடறேன்" என்றான். சிரித்துவிட்டு வந்துட்டேன். அப்புறம் போகவில்லை.

ஜீப் வந்தது. கிளட்ச் பெடல் இல்லை. சின்ன லிவர் பழைய இடத்திலேயே இருந்தது. அடியில் புதுசாகத் தகடு அடித்திருந்தான். "கல்லு படாம இருக்க. இது என் கணக்கு, உனக்கு இனாம்," என்று தகட்டைத் தட்டிக் காட்டினான்.

ராயக்கோட்டை ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டினேன். இடது கால் சும்மா கிடந்தது. பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தூசி என்றாள். ரோட்டில் நாலு வீலுக்கு வேலை இல்லை. தனியாகச் சோதித்துப் பார்க்கத் தோணவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு ஓடினவனை யாரு சோதிப்பா?

ரிப்பேர் பார்த்த வண்டியைப் பூசை போடாமல் காட்டுக்கு எடுக்க மாட்டோம். ஓடைக்கு முன்னால் முனீஸ்வரன் கோயில். அங்கே போனோம். நான், பெண்டாட்டி, கூட்டாளி. முந்தின நாள் மழை. கோயில் எதிரே செம்மண் மேடு, ஈரம். பூசாரி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் குங்குமப் பொட்டு வைத்த எலுமிச்சம்பழம் செருகினார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். ஓடை எதிரிலேயே இருக்கிறது, அப்படியே இறங்கிடலாம் என்று சின்ன லிவரைத் தள்ளினேன். கியரைப் போட்டேன். ஆக்சிலேட்டர் கொடுத்தேன்.

வண்டி உறுமியது. நகரவில்லை. பின்னால் சேறு தெறித்தது. பெண்டாட்டி புடவையெல்லாம் செம்மண்.

பூசாரி தெலுங்குக்காரர். குனிந்து பார்த்தார். "என்னாப்பா இது, பின்னாடி ரெண்டும் நசுங்கிப்போச்சு. முன்னாடி ரெண்டும் வெச்சது வெச்சாப்பல இருக்குதே. சாமிக்கு ஏதோ குறை."

கூட்டாளி சட்டென்று வண்டிக்குப் பின்னால் போனான். "ஒரு குறையும் இல்ல சாமி. சேறு. மச்சான், நீ ஆக்சிலேட்டர் குடு, நான் தள்ளறேன். ஏம்மா, நீயும் ஒரு கை வை."

"தள்ளாதே," என்றேன்.

"தள்ளினா ஏறிடும்டா."

"தள்ளாதேன்னு சொல்றேன்ல."

இஞ்சினை நிறுத்தி இறங்கினேன். என்னால் மண்டி போட முடியாது. புது வேட்டியோடு சேற்றில் மல்லாக்கப் படுத்தேன். முன்சக்கரத்தடியில் பழம் மஞ்சளாக, முழுசாக இருந்தது. பொட்டுக்கூடக் கலையவில்லை. தகட்டு இடுக்கில் தலையை நுழைத்துப் பார்த்தேன். சக்கரத்தைச் சுற்றுகிற ராடு பின்னால் ஒன்று போகிறது. முன்னால் ஒன்றும் போகவில்லை. டிரான்ஸ்பர் கேஸ் இருந்த இடம் காலி. சின்ன லிவர் எதோடும் சேராமல், வெல்டு அடித்த ஒரு பட்டையில் சும்மா ஆடிக்கொண்டு நின்றது.

படுத்தபடியே கேட்டேன். "பெட்டி எங்கடா?"

அவன் கால் மட்டும்தான் தெரிந்தது. அது ரெண்டடி பின்னால் போச்சு.

எழுந்தேன். பெண்டாட்டி கை கொடுத்தாள். அவன் கை நீட்டினான், நான் பிடிக்கவில்லை.

"அந்தத் துண்டு உக்காரலைடா," என்றான். "ரெண்டு தடவை கடைஞ்சேன். நீ வேற எப்போ எப்போன்னு கேட்டுக்கிட்டே இருந்தே. ஆனேக்கல்காரன் ஒருத்தன் மலை ஏத்தற ஜீப்புக்கு அந்தப் பெட்டிதான் வேணும்னான்..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா வேணாம்ப."

"ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அவன் என் காலைப் பார்த்தான். அப்புறம் சொன்னான். "இந்தக் காலை வெச்சுக்கிட்டு நீ எங்கடா காட்டுக்குப் போகப்போறே? ரோட்டுல ஓட்டினா போதும், மனசு ஆறிடும்னு நெனச்சேன்."

பெண்டாட்டிதான் பேசினாள். "அண்ணா, நீங்க வீட்டுக்குப் போங்க."

போனான். மெயின் ரோடு வரைக்கும் நடந்தே போனான். ரிவர்ஸில் எடுத்தால் ஜீப் மேட்டை விட்டு இறங்கிவிடும், ஆனாலும் அவனை ஏறிக்கோ என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

பூசாரி முன்சக்கரத்துப் பழங்களை எடுத்து என் கையில் கொடுத்தார். மறுபடி வைக்கலாமா என்று கேட்டார். வேணாம் என்றேன்.

பிறகு பலதடவை போன் பண்ணினான். நான் எடுக்கவில்லை. வேறு மெக்கானிக் ஒருத்தன் ஜீப்பைப் பார்த்துவிட்டு, பெட்டி கிடைத்தாலும் முழுசாகப் பிரித்துத்தான் மாட்டணும் என்றான். அதற்கு இன்னும் தெம்பு வரவில்லை.

இப்போது ஜீப் ரோட்டில் நன்றாகவே ஓடுகிறது. காவேரிப்பட்டினம் வரைக்கும்கூடப் போய் வந்திருக்கிறேன். நிலத்துக்குப் போகிற நாளில் கோயில் வரைக்கும் ஓட்டுவேன். அங்கே நிறுத்திவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்குவேன். மெதுவாகத்தான் போகணும். பெண்டாட்டி முன்னால் போய், எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று சொல்லுவாள். தக்காளிப் பெட்டிகளை அவள் தலையில் சுமந்து கொண்டு வருவாள்.

அந்தச் சின்ன லிவரைப் பிடுங்கிப் போடச் சொல்கிறாள். நான் பிடுங்கவில்லை. அதில் தண்ணீர் பாட்டில் பையை மாட்டி வைத்திருக்கிறேன்.