நடுவில் உட்கார்ந்தவன்

ஆம்பூர் ஸ்டேஷனில் வண்டி நிற்கும் முன்பே வாடை பெட்டிக்குள் ஏறிவிட்டது: ஊறிய தோல், ஆவாரம்பட்டை, சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பு மட்டும் என்னைப் பொங்கலுக்கு வெள்ளையடித்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோயிற்று. அங்கே அப்பா எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் தூணைப் பார்த்துத்தான் சொல்வார்.

ஆனி மாதக் காலை, ஏழரை மணி. மூன்றாம் வகுப்பில் எனக்கு இரு பக்கமும் ஒரு தகப்பனும், பதினைந்து வயது மகனும் உட்கார்ந்தார்கள். தகப்பன் தோல் பதனிடும் கிடங்கில் வேலை செய்பவர்.

"சாப்ட்டானான்னு கேளுங்கய்யா," என்றார் என்னிடம்.

கேட்டேன்.

"பசியில்லன்னு சொல்லுங்க," என்றான் பையன், ஜன்னலைப் பார்த்தபடி.

எதிரே இருந்த வாணியம்பாடித் தோல் வியாபாரி சிரித்துவிட்டார். "இன்னாப்பா இது, பெத்த புள்ளகிட்ட பேசறதுக்கு நடுவுல ஒரு தபால்காரரா? பெரிய பேஜாரு!"

"மீச மொளைக்கிற புள்ளகிட்ட நேரா பேசுனா மரியாத கெட்டுடும் பாய். ஊட்ல அவங்கம்மாகிட்ட சொல்வேன். அது சொல்லும்."

காட்பாடி முப்பது மைலுக்குச் சற்று அதிகம். பாலாற்றில் நீரில்லை, மணல்மேல் வெயில் ஓடிக்கொண்டிருந்தது. குடியாத்தத்தில் காலணாவுக்கு வேர்க்கடலை வாங்கி நீட்டினேன். பையனின் விரலிடுக்குகள் வெந்திருந்தன.

எட்டாவது முடித்ததும் அவனைத் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி வேலைக்கு விட்டார்களாம். அன்றிலிருந்து தூக்கமில்லை, பேச்சில்லை. தாய் அடம்பிடித்து, வாலாஜாபேட்டையில் தன் தம்பி வீட்டில் தங்கிப் படிக்க அனுப்புகிறாள். யாருக்கோ நடந்ததுபோல் தகப்பனே இதைச் சொன்னார். பிறகு குரல் தாழ்ந்தது.

"தொழில் அவனுக்குப் புடிக்கல. என்னையும் புடிக்கல போலக்குது. இத மட்டும் சொல்லாதீங்கய்யா."

நடுவில் இருந்தது நான் ஒருவன்தான். பையன் கடலை மெல்லுவதை நிறுத்தினான்.

இப்படிப்பட்ட வீடுகளில் அன்பு தாய் வழியாகத்தான் போய்வருகிறது. தாய் இல்லாத இடத்தில் இருவருமே பட்டினி.

தகப்பனுக்கு அரை நாள்தான் லீவு, திரும்பும் வண்டியைப் பிடிக்கக் காட்பாடியில் இறங்கினார். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் மாமன் காத்திருப்பான், அதுவரை பையன் என்னோடு. வண்டி ஊதியது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"அங்க மனசு ஒட்டலன்னா வந்துடச் சொல்லுங்க. குழிக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லுங்க."

நான் திரும்புவதற்குள் பையன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

"குழிதான் புடிக்கலன்னு சொல்லுங்கய்யா. நைனாவ இல்ல."